நர்சரிக்குக் கிளம்பும் முன்: வீட்டுத் தோட்டத்துக்குச் செடி தேர்ந்தெடுப்பது எப்படி

என்னிடம் ஒரு சாமந்தி இருந்தது. இலை கருகருவென்று இருக்கும், பக்கக் கிளைகள் தாராளமாக வரும், மொட்டு மட்டும் வைக்காது. ஒரு வருடம் முழுக்க நான் பார்க்காத வைத்தியம் இல்லை. உரத்தை மாற்றினேன், தொட்டியை மாற்றினேன், நுனியைக் கிள்ளிவிட்டேன். காரணம் அதன் தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருந்தது: வாசல் விளக்கு. இரவு நீளமாகவும் நல்ல இருட்டாகவும் இருந்தால்தான் சாமந்தி மொட்டுக்குத் திரும்பும். ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தால் அதற்கு நெடும்பகல் முடிந்ததே தெரியாது, இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். இரவு நீளத் தொடங்கிய பருவத்தில் தொட்டியைத் தூக்கிப் பின்பக்க இருட்டில் வைத்தேன். அவ்வளவுதான், இரண்டு மாதத்துக்கெல்லாம் மொட்டு கட்டிவிட்டது.

புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் செடி செத்ததும் "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் கையில் ஒரு குறையும் இருக்காது. பிடித்த செடியை முதலில் வாங்கிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று பிறகு யோசித்திருப்பார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடத்தான் இந்தக் கட்டுரை. முதலில் இடத்தைப் படிப்போம், செடியிடம் அப்புறம் வருவோம்.

1. வெயிலை எண்ணுங்கள்

"எங்கள் வீட்டில் நல்ல வெயில் வரும்" என்று சொல்லாதவர்கள் கிடையாது. எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் தயங்குவார்கள். வெளிச்சம் வேறு, வெயில் வேறு. நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் வராந்தா, மிளகாய்ச் செடிக்கு இருட்டறை மாதிரிதான்.

ஒரு விடுமுறை நாளில் தாளில் தோட்டத்தின் படத்தைக் கோணல்மாணலாக வரைந்துகொள்ளுங்கள். காலை 8 மணியில் தொடங்கி மாலை 5 வரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து, நேரடி வெயில் விழுகிற இடங்களில் ஒரு கோடு போடுங்கள். மாலையில் ஒவ்வோர் இடத்திலும் எத்தனை கோடு என்று எண்ணுங்கள்.

ஆறு கோட்டுக்கு மேல் என்றால் முழு வெயில். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், ரோஜா, மல்லிகை, எலுமிச்சை என்று காய்க்கவும் பூக்கவும் வேண்டிய எல்லாவற்றுக்கும் அந்த இடம்தான். மூன்றிலிருந்து ஆறு வரை அரை நிழல்: கீரைகள், புதினா, இஞ்சி, மஞ்சள், ஓமவல்லி, வெற்றிலை நன்றாக வரும். மூன்றுக்கும் கீழே போனால் காய்கறியை மறந்துவிட்டுப் பெரணி, மணி பிளான்ட், பாம்புச்செடி போன்ற இலைச்செடிகளின் பக்கம் போய்விடுங்கள். ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: இலைக்காக வளர்ப்பது குறைந்த வெயிலைப் பொறுத்துக்கொள்ளும், காய்க்காக வளர்ப்பது பொறுக்காது. வெயில் போதாத தக்காளி செத்துவிடாது. நெட்டையாக, வெளிறிப்போய், பூ உதிர்ந்துகொண்டே நம்மை நம்ப வைத்து ஏமாற்றும். செத்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

கோடு போட்ட கணக்கு அந்தப் பருவத்துக்கு மட்டும்தான் செல்லும். பூமி 23.5 டிகிரி சாய்ந்து சுற்றுவதால் சூரியன் போகிற பாதை வருடம் முழுக்க வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று ஏழு மணி நேரம் வெயில் வாங்கும் பால்கனியில் ஆறு மாதம் கழித்து ஒரு மணி நேரம்கூட விழாமல் போகலாம். பருவத்துக்கு ஒருமுறை இன்னொரு தாள் எடுத்துவிடுங்கள். மரம் வைப்பதாக இருந்தால் இந்தப் பொறுமை கட்டாயம். மாற்றி வைக்கக்கூடிய தொட்டி என்றால் அவ்வளவு கவலை வேண்டாம்.

மேற்கு வெயில் படும் சுவரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் முழுக்கச் சுவர் வாங்கிய சூடு இரவிலும் திரும்பி வரும். அங்கே காகிதப்பூ கொண்டாட்டமாக இருக்கும், புதினா இரண்டே நாளில் கருகும். மொட்டை மாடியும் அப்படித்தான். வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் தரையின் சூடு தொட்டியின் அடிவழியாக ஏறி வேரை வேகவைக்கும். தொட்டிகளை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைப்பதும், கடும் கோடையில் பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலை கட்டுவதும் அதற்காகத்தான்.

2. மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் ஒரு குழி. அதில் தண்ணீரை நிரப்பி வடியவிடுங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரைச் சும்மா குடித்துவிடும், அதனால் அந்தக் கணக்கு செல்லாது. இரண்டாவது முறை நிரப்பிவிட்டு, ஒரு குச்சியை நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். மணிக்கு இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு அருமையான இடம். அதைவிடக் குறைவாக இறங்கி, மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால், அங்கே பப்பாளி வைக்கக் கூடாது. பப்பாளியின் வேர் தேங்கிய தண்ணீரில் ஓரிரு நாளிலேயே அழுகத் தொடங்கிவிடும். அதே இடத்தில் கல்வாழையோ சேப்பங்கிழங்கோ வைத்தால் ஜம்மென்று வரும். ஈரமான மூலையை மண் கொட்டி மேடாக்கி முதுகை உடைத்துக்கொள்வதற்கு முன்னால், அந்த ஈரத்தை விரும்புகிற செடி எது என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். பப்பாளிதான் வேண்டும் என்றால் ஒரு முழ உயரத்துக்காவது மேட்டுப்பாத்தி போட்டு அதன் மேல் வையுங்கள்.

மண்ணின் ரகம் தெரிய இன்னொரு சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். ஒரு நாள் கழித்தும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருப்பது களி. மூன்று அடுக்கும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அழகாகத் தெரியும். குழந்தைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடமே விட்டுவிடலாம். மணல் அதிகம் என்றால் தண்ணீரும் சத்தும் ஓடிவிடும்; முருங்கை, வேர்க்கடலை, கிழங்கு வகைகளுக்கு நல்லது. களி அதிகம் என்றால் ஈரம் நிற்கும், வேருக்குக் காற்று கிடைக்காது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மட்கிய எருவும் இலைமட்கும். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கொட்டிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். சிறிதளவு மணல் கலந்த களி காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும்.

புதிதாகக் கட்டிய வீட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. சுவரோரத்து மண்ணில் சிமென்ட் தூளும் சுண்ணாம்பும் உடைந்த செங்கலும் புதைந்திருக்கும். அது மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளிவிடும். காய்கறிகளில் பெரும்பாலானவை மண்ணின் கார அமில நிலை (pH) 6 முதல் 7 வரை இருந்தால் சௌக்கியமாக இருக்கும். காரம் ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இட்லிப்பூச் செடியின் கொழுந்தைப் பாருங்கள், உடனே காட்டிக்கொடுத்துவிடும்: நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவில் இலை மஞ்சளாகும். அதைப் பார்த்துப் பதறிப்போய் மேலும் மேலும் உரம் போடுவார்கள். காய்ந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு அள்ளி எறிவதுதான் நேரான வழி. முடியாது என்றால் இட்லிப்பூவைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, சுவரோரத்தில் காகிதப்பூ வையுங்கள்.

3. தண்ணீர்

இதில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். தண்ணீர் உப்பா? நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் ஊற்றுவார்கள்?

தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்தாலோ, இலை நுனியும் ஓரமும் காய்ந்தாலோ உப்பின் மேல் சந்தேகப்படலாம். அவரை, பீன்ஸ் வகைகள் உப்பைத் தாங்காது. தென்னை, சப்போட்டா, காகிதப்பூ, வேம்பு தாங்கும். மழைநீர் பிடித்து வைக்க வசதி இருந்தால் மாதம் ஒருமுறை தொட்டியின் அடியில் வழிந்தோடும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். வாரக் கடைசியில் மட்டும் வீட்டில் இருப்பவர் கீரைப் பாத்தி போட்டால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

4. வளர்ந்தபின் எவ்வளவு பெரிது?

நர்சரியில் எல்லாச் செடியும் முழங்கால் உயரம்தான். ஆலங்கன்றும் அவ்வளவுதான், கொய்யாக் கன்றும் அவ்வளவுதான். அதுதான் ஆபத்தே.

ஒரு கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கப்போகும் மரம் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு அகலம் விரியும் என்று தெரிந்துகொண்டு, அதில் பாதி நீளத்துக்குக் கயிற்றை வெட்டி, நடும் புள்ளியில் ஒரு முளையடித்துக் கட்டிச் சுற்றி வாருங்கள். கயிறு சுவரில் இடிக்கிறதா, பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டுகிறதா, மேலே மின்கம்பி போகிறதா, கீழே கழிவுநீர்க் குழாய் போகிறதா? தென்னையின் மட்டை ஒன்றே 4 முதல் 6 மீட்டர் நீளம் இருக்கும். "தென்னைதானே, நேராகத்தானே போகும்" என்று சுவரிலிருந்து ஆறடியில் வைத்தவர்கள், முதல் சில வருடங்கள் ஜன்னலைத் திறக்க மட்டையோடு மல்லுக்கட்டுவார்கள். பிறகு தேங்காய் கூரைமேல் விழும்.

ஆல், அரசு, அத்தி வகைகளை வீட்டருகே தரையில் வைக்கவே வைக்காதீர்கள். அவற்றின் வேர் சுவரின் விரிசலில் நுழைந்து அதைப் பிளக்கும், குழாய்க்குள்ளும் போகும். தொட்டியில் அழகுக்காக விற்கிற ரப்பர் செடிக்குக்கூட அத்திக் குடும்பத்து ரத்தம்தான். தொட்டியில் இருக்கும்வரை சாது.

சின்ன மனைக்கு ஏற்ற பழமரங்கள் என்றால் நான் சொல்வது கொய்யா, எலுமிச்சை, மாதுளை, சீத்தா. நான்குமே கவாத்து செய்தால், அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிட்டால், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திவிடலாம். கொய்யா புதிதாக வரும் துளிரில்தான் பூக்கும், ஆகவே வெட்டினால் கோபித்துக்கொள்ளாது. இன்னும் நன்றாகவே காய்க்கும். மா வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒட்டுக்கன்று (வேறொரு கன்றின் மேல் நல்ல ரகத்தின் கிளையை ஒட்டி வளர்த்தது) வாங்கி, முதல் வருடத்திலிருந்தே கிளையைக் கவாத்து செய்து பழக்குங்கள். கொட்டை போட்டு முளைத்த மா நாலு பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாத மரமாகலாம். காய்க்கவும் ஆறேழு வருடம், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். ஒட்டு மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். அதில் முதல் இரண்டு வருடம் வரும் பூவைக் கிள்ளி எறிய வேண்டும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு.

முருங்கையில் இரண்டு ரகம். போத்து (கிளைத்துண்டு) நட்டு வளர்க்கும் மரமுருங்கை பல வருடம் நிற்கும். விதை போடும் செடிமுருங்கை ஆறேழு மாதத்திலேயே காய்க்கும், ஒவ்வொரு வருடமும் வெட்டிவிட்டுத் துளிர்க்க வைக்கலாம். எதுவாக இருந்தாலும் கிளை பொடுக்கென்று ஒடியும், அதனால் கார் நிறுத்தும் இடத்துக்கும் படுக்கையறை ஜன்னலுக்கும் அருகில் வேண்டாம். ஜன்னலுக்கு ஏன் வேண்டாம் என்பதை, கம்பளிப்பூச்சி ஒரு பருவம் மரத்தின் அடிப்பட்டையில் அப்பிக்கொண்டு இருப்பதைப் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. தரை இல்லை, தொட்டிதான் என்றால்

வேரின் ஆழம்தான் தொட்டியின் அளவைச் சொல்லும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும், அகலம் எவ்வளவு இருந்தாலும் நல்லது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்கு ஒரு அடி ஆழம், 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு, தொட்டிக்கு ஒரே செடி. எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலைக்கு ஒன்றரை அடி.

எடையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஈரமான தோட்டமண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். 20 லிட்டர் பை ஒன்றுக்கு 30 கிலோ தாண்டும். மாடியில் முப்பது பை என்றால் ஒரு டன்னுக்கு அருகில் போய்விட்டோம். ஆகவே மாடிக்குத் தேங்காய்நார்த் தூளும் மட்கிய எருவும் தலா ஒரு பங்கு, மண் ஒரு பங்கு என்று கலந்து எடையைக் குறையுங்கள். பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ ஓடுகிற ஓரங்களில் வையுங்கள். கட்டடம் பழையது என்றால் ஒரு பொறியாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நார்த் தூளை இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும், அதில் உப்பு இருக்கும்.

6. இப்போது செடிக்கு வருவோம்

முதல் பருவத்துக்கு ஐந்து வகைக்கு மேல் வேண்டாம். எனக்குத் தெரிந்து இருபத்தைந்து வகையோடு தொடங்கியவர்களில் பாதிப் பேர் அடுத்த பருவத்துக்கு வரவில்லை.

அந்த ஐந்தில் ஒன்றாவது சீக்கிரம் பலன் தருவதாக இருக்கட்டும். முளைக்கீரை விதைத்த 25 நாளில் பிடுங்கலாம். அதைப் பார்த்தபின்தான் கத்தரிக்குக் காத்திருக்கும் பொறுமை வரும். வெண்டை 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். ஆணிவேர் அடிபடக் கூடாது என்பதால் அதை நேரடியாக விதைக்க வேண்டும், நாற்றாக வாங்காதீர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாற்று விட்டு நடுபவை. மூன்றும் ஒரே குடும்பம், நோயும் பூச்சியும் பொது. ஒன்று போன மண்ணில் அடுத்ததாக இன்னொன்றை வைத்தால் பழைய நோய் புதுச் செடிக்குச் சீதனமாகப் போகும். நடுவில் ஒரு போகம் அவரையோ கீரையோ போட்டுவிடுங்கள்.

கொடி வைப்பவர்களுக்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. புடலை, பீர்க்கு, சுரை, பாகல், பூசணி இவற்றில் ஆண்பூ தனி, பெண்பூ தனி, ஆனால் ஒரே கொடியில் இரண்டும் வரும். முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூ. அது உதிரும்போது "பூவெல்லாம் கொட்டுகிறது" என்று கவலைப்படத் தேவையில்லை. பெண்பூவைக் கண்டுபிடிப்பது சுலபம்: பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நுனியளவு ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டே பிறந்திருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில், சுரைக்கும் பீர்க்குக்கும் மாலையில். அவை அப்போதுதான் மலரும். ஐந்தாறு மாடிக்கு மேலே தேனீ எப்போதாவதுதான் வரும். இப்படித் தினமும் பூத்தடவப் பொறுமை இல்லாதவர்கள் அந்த உயரத்தில் சுரை வைக்க வேண்டாம். தக்காளியும் மிளகாயும் தன் பூவிலேயே தானாகச் சேர்ந்து காய்த்துக்கொள்ளும்.

கோவைக்காயில் கதையே வேறு. ஆண் கொடியே தனி, பெண் கொடியே தனி. காய்க்கிற கொடியிலிருந்து தண்டு வெட்டி நட்டால்தான் உத்தரவாதம். விதையில் முளைத்தது வருடக்கணக்கில் வேலியெல்லாம் படர்ந்து, வெறும் வெள்ளைப்பூ பூத்துக் காட்டிக்கொண்டே இருக்கலாம்.

பப்பாளியிலும் இந்தச் சங்கடம் உண்டு. ஆண், பெண், இரண்டும் கலந்தது என்று மூன்று வகைச் செடி. கன்றில் வித்தியாசம் தெரியாது. பூக்கும்வரை, அதாவது நட்டு நாலைந்து மாதம், காத்திருக்க வேண்டும். அதனால் ஒரே குழியில் மூன்று கன்று வைத்து, பூ வந்ததும் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை எடுத்துவிடுவார்கள். நீண்ட காம்பில் கொத்துக்கொத்தாகத் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டிப் பருத்த பூ ஒன்றோ இரண்டோ இருந்தால் பெண் அல்லது இருபால். ஒரே ஒரு மரம்தான் வைக்க இடம் என்றால் இருபால் பூவுள்ளதை நிறுத்துங்கள், துணை தேவைப்படாது.

பூச்செடிகளில் புதியவர்களுக்கு நான் ரோஜாவைப் பரிந்துரைப்பதில்லை. கவாத்து, கரும்புள்ளி நோய், இலைப்பேன், சிவப்புச் சிலந்தி என்று அது ஒரு முழுநேர வேலை. செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ, செண்டுமல்லி நான்கும் நம் தவறுகளை மன்னிக்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வரத்தான் செய்யும். வாரம் ஒருமுறை குழாயில் பீய்ச்சி அடித்தாலே பாதி அடங்கிவிடும்.

உங்கள் இடத்தின் தட்பவெப்பத்தை எதிர்த்துச் செடி வாங்காதீர்கள். சாதாரண ஆப்பிள் ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் மரம் இலை விட்டு நிற்கும், அவ்வளவே. மாறாக, உறைபனி விழும் ஊரில் இருந்துகொண்டு கறிவேப்பிலைக்கு ஏங்குபவர்கள் அதைத் தொட்டியிலேயே வைத்து, குளிருக்கு முன்பே வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னலோரம் கொண்டுவந்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் மாதங்களில் இலை கொட்டும், வளர்ச்சி நிற்கும். அப்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும். பாவம் என்று அதிகம் ஊற்றுவதால்தான் பெரும்பாலும் சாகிறது.

7. வேண்டாத செடிகள்

தவழும் குழந்தையோ செல்லப்பிராணியோ இருக்கிற வீட்டில் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு நர்சரிக்குப் போங்கள். அரளியும் பொன்னரளியும் இலை, பூ, விதை என்று எல்லாமே நஞ்சு. ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணிக் கொடி இவற்றின் விதைகளில் கடும் விஷம். குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் குழந்தையைக் கூப்பிடுகிற நிறங்கள் வேறு. செங்காந்தளின் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்துத் தின்று ஆபத்தில் சிக்கியவர்கள் உண்டு. வரவேற்பறையில் பெரிய புள்ளி இலையோடு நிற்கும் டைஃபன்பேக்கியாவின் இலையைக் கடித்தால், அதிலுள்ள ஊசிப் படிகங்கள் நாக்கையும் வாயையும் வீங்க வைக்கும். லில்லி வகைகளின் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் கெட்டுப்போகும். அழகுக்காக வைக்கும், குட்டைப் பனை போலத் தெரியும் சைகஸ் நாய்களுக்கு ஆகாது.

அடுத்து, தோட்டத்தில் நிற்காமல் ஊருக்குள் போய்விடுகிறவை. உண்ணிச்செடி பல நாடுகளுக்கு அலங்காரப் பூச்செடியாக வந்துதான் காடுகளை மூடியது. ஆகாயத்தாமரையும் பூ அழகுக்காகக் கொண்டுபோகப்பட்டதே. தொட்டியில் ஆகாயத்தாமரை வளர்ப்பதாக இருந்தால் மிச்சத்தை ஒருபோதும் ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். வெயிலில் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.

8. நர்சரியில் நின்று பார்க்க வேண்டியவை

முன்வரிசையில் பூத்துக் குலுங்கும் செடியைத் தாண்டிப் போங்கள். அது தன் பலத்தையெல்லாம் பூவில் செலவழித்துவிட்டது; இடம் மாறிய அதிர்ச்சியில் பூவைக் கொட்டும். மொட்டு கட்டியிருக்கிற, அல்லது மொட்டே இல்லாத, குட்டையாகப் பல கிளை விட்ட செடிதான் நல்லது. உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். செடியை லேசாக உலுக்குங்கள். வெள்ளை ஈ இருந்தால் பொடியாகப் பறக்கும். இலைக் காம்பும் தண்டும் சேரும் கவட்டையில் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. கொழுந்தில் நெருக்கமாக ஒட்டியிருக்கும் பச்சை, கறுப்புப் பூச்சிகள் அசுவினி. ஒரு செடியில் இருந்தால் அந்த வரிசை முழுவதையும் விட்டுவிடுங்கள்.

பிறகு பையின் அடியைப் பாருங்கள். ஓட்டை வழியே வேர் கொத்தாக வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் செடி பையில் அளவுக்கு மீறி இருந்துவிட்டது. உள்ளே வேர் சுருள்சுருளாகச் சுற்றியிருக்கும். மரக்கன்றில் இது மன்னிக்க முடியாத குறை: அந்தச் சுருள் பருத்து, சில வருடம் கழித்துத் தன் கழுத்தைத் தானே நெரிக்கும். ஐந்தடி உயரத்தில் கம்பீரமாக நிற்கும் பழைய கன்றைவிட, இரண்டடியில் வேர் சுற்றாமல் இருக்கும் கன்று சீக்கிரம் முந்திவிடும்.

ஒட்டுக்கன்று என்றால் ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு முடிச்சோ கோணலோ இருக்கும். அந்த முடிச்சு இறுகிச் சேர்ந்திருக்கிறதா, பிளாஸ்டிக் நாடா தண்டை அழுத்தவில்லையா என்று பாருங்கள். முடிச்சுக்குக் கீழே துளிர் இருந்தால் அது அடிக்கன்றின் துளிர், அதை வளரவிட்டால் மேலே ஒட்டிய நல்ல ரகத்தை அமுக்கிவிடும். ஒருமுறை என் எலுமிச்சையில் திடீரென்று வேகமாக ஒரு கிளை கிளம்பியது. முள் நீளம், இலை மூன்று மூன்றாக. ஆகா என்று ஆறு மாதம் ரசித்தேன். அது எலுமிச்சையே இல்லை, அடிக்கன்று.

விற்பவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும்: "இது இங்கே எத்தனை நாளாக வெயிலில் இருக்கிறது?" நிழல்வலைக்கு உள்ளேயே வளர்ந்தது என்று தெரிந்தால் அடுத்த படி மிக முக்கியம்.

9. வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம்

புதுச் செடியைப் பழைய செடிகளோடு சேர்க்காமல் தனியாக இரண்டு வாரம் வையுங்கள். ஒளிந்திருக்கும் பூச்சி முட்டைகள் அதற்குள் வெளிப்படும். முதல் மூன்று நாள் நிழல், அடுத்த மூன்று நாள் காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு என்று ஏற்றிக்கொண்டே போய், பத்தாம் நாள் முழு வெயிலுக்கு விடுங்கள். நிழல்வலையிலிருந்து நேராக மாடி வெயிலுக்குப் போன இலை வெளுத்து, காகிதம் மாதிரி ஆகிவிடும்.

நடுவது மாலையில். பையைக் கிழித்து முழுவதும் எடுத்துவிடுங்கள். பையோடு புதைத்த மரக்கன்றுகளை நான் தோண்டிப் பார்த்திருக்கிறேன், வேர் பையளவிலேயே நின்றிருந்தது. பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே நாலு விரற்கடை நிற்கட்டும். தக்காளி மட்டும் விதிவிலக்கு, அதன் தண்டிலேயே வேர் விடும் என்பதால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடலாம். நட்டபின் நன்றாகத் தண்ணீர், மேலே காய்ந்த இலைகளால் மூடாக்கு. தண்டை ஒட்டி மூடாக்கு போடாதீர்கள், அழுகும். ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம்.

அந்த இரண்டு வாரத்தில் சில இலைகள் மஞ்சளாகி உதிரும், கறிவேப்பிலை முழுக்க மொட்டையாகக்கூட நிற்கும். பிடுங்கிப் பார்க்காதீர்கள். தண்டின் பட்டையை நகத்தால் ஒரு நெல்லளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, மண்ணில் விரலை விட்டு இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காத்திருங்கள். பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள். எங்கே பச்சை தொடங்குகிறதோ அதற்கு மேலே இருப்பதை வெட்டிவிட்டால் போதும்.